உன்ர பிறந்தநாளுக்கு என்ன நம்பர்?

எங்கட வாசிப்பு வட்டத்தில் எட்டுப் பேர். ஐந்து பெட்டையள், மூன்று பெடியள். இந்த செமஸ்டரில் எல்லாருக்கும் நவீன அமெரிக்க வரலாறு ஒரு பாடம். நோட்ஸில் வியட்நாம் யுத்தத்துக்கு ஒன்றரைப் பக்கம் கிடைத்திருக்கிறது. காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு. சீனியர்மாரிடமிருந்து வந்த போட்டோகொப்பியிலும் அதே ஐந்து, அதே ஆறு. சோதனைக்கு அது போதும். ஆனால் ஒன்றரைப் பக்கத்தை மூன்று தரம் வாசித்த பிறகும் அந்த யுத்தத்தில் ஒரு மனிசரையாவது எனக்குத் தெரியாது என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் போன மாதம் ஒரு பின்னேரம், நூலகத்துக்குப் பக்கத்து மரத்தடி வாங்கில் எல்லாரும் கூடினபோது, நோட்ஸை மூடிவிட்டு போனில் ஒரு அட்டவணையைத் திறந்து வைத்தேன். ஒரு பக்கம் திகதிகள், மற்றப் பக்கம் 1 முதல் 366 வரை இலக்கங்கள். வேறு ஒன்றும் இல்லை. "எல்லாரும் உங்கட பிறந்தநாளைப் பாருங்கோ. வருசம் வேண்டாம், மாதமும் திகதியும் மட்டும்" என்றேன். ஏன் எதற்கு என்று சொல்லவில்லை.

எனக்கு ஜனவரி 24. இலக்கம் 59. என்ர ரூம்மேட்டுக்கு மார்ச் 29, 362. மட்டக்களப்புப் பெடியனுக்கு டிசம்பர் 14, 26. எங்கட குழுவில் எப்பவும் கடைசியாக வருகிறவனுக்கு செப்டெம்பர் 24, 195. "362 எண்டா ஃபர்ஸ்ட்டா லாஸ்ட்டா?" என்று ரூம்மேட் கேட்டாள். லாஸ்ட் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பரீட்சை முடிவு பார்த்துப் பழகின எங்களுக்கு பெரிய இலக்கம் என்றால் கவலைதான். இது எதற்கான இலக்கம் என்று பிறகுதான் சொன்னேன்.

1969 டிசம்பர் 1 இரவு. வொஷிங்டனில் ஆட்சேர்ப்புத் தலைமையகம். ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்துக்குள் 366 நீல நிற பிளாஸ்டிக் சிமிழ்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கடதாசித் துண்டு, அதில் ஒரு திகதி. முதல் சிமிழை எடுத்தவர் நியூயோர்க்கைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக் காங்கிரஸ் உறுப்பினர் அலெக்ஸாண்டர் பிர்னி. திறந்து பார்த்தால் செப்டெம்பர் 14. அதன்பிறகு அங்கே கூப்பிடப்பட்டிருந்த இளம் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள். சீபிஎஸ் தொலைக்காட்சி அன்றைக்கு வழமையாகப் போடும் நகைச்சுவைத் தொடரை நிறுத்திவிட்டு இதை நேரடியாக ஒளிபரப்பியது. 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்களின் வாழ்க்கை அந்தப் பாத்திரத்துக்குள் இருந்தது. செப்டெம்பர் 14இல் பிறந்தவர்கள் முதலாம் இலக்கம், முதலில் கூப்பிடப்படுவார்கள். கடைசியாக வந்த ஜூன் 8 366ஆம் இலக்கம்.

அந்த இரவின் வீடியோத் துண்டுகள் இணையத்தில் கிடைக்கின்றன. பார்த்தால் பெரிய நாடகத்தனம் ஒன்றும் இல்லை. சிமிழைத் திறக்கிறார்கள், திகதியை வாசிக்கிறார்கள், பலகையில் ஒட்டுகிறார்கள், அடுத்தது. எங்கட ஊர்க் கோயிலில் அதிர்ஷ்டலாபச் சீட்டு எடுக்கிற நேரம்கூட இதைவிடச் சத்தம் கூட. அந்த அமைதியான அலுவலகத் தொனிதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏன் குலுக்கல்? அதுவரைக்கும் யாரை எடுப்பது என்பதை நாடு முழுக்க இருந்த சுமார் 4,000 உள்ளூர் ஆட்சேர்ப்புச் சபைகள் தீர்மானித்தன. ஊரில் மதிப்பான, வயதான, பெரும்பாலும் வெள்ளையின ஆண்கள் சேர்ந்து உட்கார்ந்து, இவனுக்கு ஒத்திவைப்பு, இவனுக்கு அழைப்பு என்று முடிவெடுத்தார்கள். 19 வயதிலிருந்து 26 வரை ஒருவர் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமலே காத்திருக்கவேண்டும். 1965 மார்ச்சில் டா நாங் கரையில் மரைன் படை இறங்கியதிலிருந்து ஆட்களின் தேவை கூடிக்கொண்டே போய், 1968 முடியும்போது வியட்நாமில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். வீதிகளில் எதிர்ப்பும் கூடிக்கொண்டு போனது. 1969 ஒக்டோபரிலும் நவம்பரிலும் பெரிய ஆர்ப்பாட்டங்கள். மை லாய் கிராமத்தில் நடந்த படுகொலை பற்றிய செய்தி அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளிவந்ததும் அதே நவம்பரில்தான். இதற்கு நடுவில் நிக்சன் அரசு கொண்டுவந்த பதில் இந்தக் குலுக்கல். சபைக்காரர் விருப்பம் இல்லை, வெறும் அதிர்ஷ்டம், எல்லாருக்கும் ஒரே மாதிரி என்று சொல்லக்கூடிய ஏற்பாடு.

இதைச் சொல்லிமுடித்தபோது வாங்கில் நடந்ததைத்தான் நான் இந்தக் கட்டுரையில் எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

362 வந்த ரூம்மேட் சிரித்துக்கொண்டு போனை எடுத்து வட்ஸ்அப் பார்க்கத் தொடங்கினாள். 300க்கு மேல் வந்த இன்னொருத்தி தேத்தண்ணி வாங்கப் போகட்டா என்று கேட்டாள். 26 வந்த பெடியன் மட்டும் அட்டவணையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தான். "டிசம்பர் 15க்கு 320 மச்சான். நான் ஒரு நாள் பிந்திப் பிறந்திருந்தா..." என்றான். விளையாட்டுத்தான், எங்களுக்கும் அமெரிக்க இராணுவத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பத்து நிமிடத்துக்கு முன்னம் ஒரே வாங்கில் ஒரே கவலையோடு இருந்த எட்டுப் பேரும் தனித்தனி ஆட்களாகிவிட்டோம். தப்பினவைக்கு ஆர்வம் போய்விட்டது. குலுக்கல் என்ன வேலை செய்தது என்று எந்த நோட்ஸிலும் எனக்குக் கிடைக்காத விளக்கம் எனக்கு அப்போதுதான் கிடைத்தது. அதுவரை "ஏன் இந்த யுத்தம்?" என்று சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு தலைமுறையை, "எனக்கு என்ன நம்பர்?" என்று தனித்தனியாகக் கேட்க வைத்தது அது. நிக்சன் அரசு இதைத் திட்டமிட்டே செய்ததா என்பது வேறு விவாதம். விளைவு அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

195 வந்தவன்ர கதை இன்னும் மோசம். குறைந்த இலக்கக்காரருக்கு போகவேண்டும் என்று தெரியும். கூடின இலக்கக்காரருக்கு தப்பிவிட்டோம் என்று தெரியும். நடுவில் நிற்கிறவர்கள் 1970 முழுக்க எண்ணிக்கொண்டே இருந்தார்கள். இந்த மாதம் எத்தனை வரை கூப்பிட்டார்கள், அடுத்த மாதம் எத்தனை வரை போகும்? கடைசியில் கூப்பிடப்பட்ட ஆகக் கூடிய இலக்கம் 195. அதாவது செப்டெம்பர் 24 போகவேண்டும். 196 யார் என்று தேடிப் பார்த்தோம். ஒக்டோபர் 24. சரியாக ஒரு மாத இடைவெளி, ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. "இதுக்கும் நான் லேட்டா வந்திருக்கலாம்" என்றான் எங்கட லேட் மன்னன்.

இன்னொரு குலுக்கலும் அன்றிரவு நடந்தது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரே நாளில் பிறந்த பலரில் யாருக்கு முதல் அழைப்பு என்று தீர்மானிக்க ஆங்கில எழுத்துக்கள் 26ஐயும் குலுக்கினார்கள். குடும்பப் பெயரின் முதலெழுத்துத்தான் முதல் கணக்கு. முதலில் வந்தது ஜே, கடைசியில் வந்தது வி. எங்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை, அப்பாவின் பெயர்தான். ஆகவே அப்பா வைத்திலிங்கம் என்றால் வரிசையில் கடைசி, அப்பா ஜெகநாதன் என்றால் முதல். அப்பாமாரின் பெயரை வைத்து அன்றைக்கு கொஞ்ச நேரம் சிரித்தோம்.

அட்டவணையைத் தள்ளிக்கொண்டிருந்த மட்டக்களப்புப் பெடியன்தான் அடுத்ததையும் கண்டுபிடித்தான். "டிசம்பர்க்காரருக்கு எல்லாம் சின்ன நம்பராவே கிடக்கு." உண்மைதான். டிசம்பரின் 31 நாட்களில் 26 நாட்கள் 195க்குள் விழுந்தன. 2, 12, 15, 17, 19 ஆகிய ஐந்து நாட்கள் மட்டுமே தப்பின. ஜனவரி மாத இலக்கங்களின் சராசரி சுமார் 201, டிசம்பரின் சராசரி சுமார் 121. காரணம் கேட்டால் சிரிப்பு வரும், பிறகு வராது. சிமிழ்களை ஜனவரியில் தொடங்கி மாதம் மாதமாகப் பெட்டிக்குள் போட்டுக் கலந்திருக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் போனது, கலக்குப்பட்டதும் ஆகக் குறைவு. பெட்டியைக் கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டியபோது பிந்திய மாதங்கள் பெரும்பாலும் மேலே வந்துவிட்டன. எடுக்கிறவர்களும் மேலேயிருந்துதான் எடுப்பார்கள். புள்ளிவிபரவியலாளர் ஸ்டீபன் ஃபீன்பெர்க் 1971இல் 'சயன்ஸ்' இதழில் இதை விரிவாக எழுதினார். 1970 ஜூலையில் நடந்த அடுத்த குலுக்கலில் திகதிகளுக்கு ஒரு உருளை, இலக்கங்களுக்கு ஒரு உருளை என்று முறையை மாற்றினார்கள். ஆனால் முதல் குலுக்கலின் முடிவை மாற்றவில்லை. சரியாகக் குலுக்காததால் போனவர்கள் போனவர்கள்தான். எங்கட புள்ளிவிபரவியல் பாடத்தில் 'எழுமாற்று மாதிரி' என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கிறது.

இந்தக் கட்டத்தில்தான் ரூம்மேட் போனை வைத்துவிட்டுக் கேட்டாள்: "நில்லு. பொம்பிளையளையும் எடுத்தவங்களா?"

இல்லை. ஆண்கள் மட்டும்தான். அப்போ நாங்கள் ஐந்து பேரும் ஏன் இவ்வளவு நேரம் நம்பர் பார்த்தோம்? நியாயமான கேள்வி. ஐந்து பேரும் விளையாட்டிலிருந்து விலகினோம். மிச்சம் மூன்று பெடியள். அடுத்த கேள்வி 195இடமிருந்து வந்தது: "கெம்பஸ் பெடியளை எடுத்தவங்களா?"

அதுவும் இல்லை. பட்டப்படிப்பு மாணவர்களுக்கு ஒத்திவைப்பு இருந்தது. முழுநேரமாகப் படித்து ஒழுங்காக வருடம் கடந்தால் பட்டம் முடியும் வரை கூப்பிடமாட்டார்கள். முதுகலை மாணவர்களுக்கான சலுகை 1968இல் பெரும்பாலும் நின்றது, ஆனால் இளங்கலை மாணவர்களுக்குப் புதிதாக ஒத்திவைப்புக் கொடுப்பதை 1971இல்தான் நிறுத்தினார்கள். 1966இல் வகுப்பில் எத்தனையாம் ஆள் என்ற வரிசையும் இதற்காக நடத்தப்பட்ட ஒரு பரீட்சையும்கூட கணக்கில் எடுக்கப்பட்டன. புள்ளி குறைத்துப் போட்டால் பிள்ளை யுத்தத்துக்குப் போய்விடுமோ என்று தயங்கிய விரிவுரையாளர்கள் இருந்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எங்கட ஆட்கள் சில லெக்சர்மாரை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள், அது வேறு கதை.

ஆக மூன்று பெடியளும் தப்பிவிட்டார்கள். வாங்கில் ஒருத்தரும் மிச்சமில்லை.

எனக்கு இது எதிர்பாராத திருப்பம். 'உன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்' என்று சொல்லி வரலாற்றைப் படிப்பிக்கிற முறை ஒன்று இருக்கிறது, நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன். ஆனால் எங்களை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் நாங்கள் அந்த இடத்திலேயே இல்லை. அப்போ போனது யார்?

நாங்கள் விளையாட்டை மாற்றினோம். ஒவ்வொருவரும் தன்னோடு சாதாரணதரம் படித்து, பல்கலைக்கழகம் வராத ஒரு பெடியனை நினைக்கவேண்டும். இசட் புள்ளி கொஞ்சத்தில் தவறினவன், உயர்தரமே எடுக்காதவன், பதினாறில் வேலைக்குப் போனவன். அவன்ர பிறந்தநாளைப் பார்க்கவேண்டும். அதிசயம் என்னவென்றால் எல்லாருக்கும் ஒருவன் இருந்தான், பலருக்கு அவன்ர பிறந்தநாளும் ஞாபகம் இருந்தது. எங்கட வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து, கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரனாக இருந்து, அப்பாவுக்கு ஏலாமல் போனதும் மேசன் வேலைக்குப் போனவன் ஒருவன். ஓகஸ்ட் 8. இலக்கம் 48. இந்த முறை ஒருவரும் தேத்தண்ணி பற்றிக் கதைக்கவில்லை.

அமெரிக்காவில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். அந்தக் காலத்தில் ஆட்சேர்ப்பு வயதுக்கு வந்த ஆண்கள் சுமார் 2 கோடி 70 இலட்சம். அதில் பாதிக்கு மேல் இராணுவத்துக்கே போகவில்லை. படிப்பு, குடும்பப் பொறுப்பு, தொழில், மருத்துவக் காரணம், நேஷனல் கார்ட் என்று பல கதவுகள் இருந்தன. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு திறப்பு வேண்டும். எந்தப் படிவம் கேட்கவேண்டும் என்று தெரிந்த அப்பா, கடிதம் எழுதித் தரக்கூடிய டொக்டர், கல்லூரிக் கட்டணம். வரலாற்றாசிரியர் கிறிஸ்டியன் ஆப்பி 1993இல் எழுதிய நூலில், வியட்நாமுக்குப் போன சாதாரண சிப்பாய்களில் சுமார் 80 சதவீதம் பேர் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தோ ஏழைக் குடும்பங்களிலிருந்தோ வந்தவர்கள் என்று கணக்கிடுகிறார். போனவர்களில் கூடுதலானோர் கட்டாயமாக எடுக்கப்பட்டவர்கள் இல்லை, தாங்களாகச் சேர்ந்தவர்கள் என்று சிலர் வாதிடுவார்கள். எண்ணிக்கையில் அது சரி. ஆனால் எப்படியும் பிடிப்பார்கள், அதற்கு முன் நானே போனால் நல்ல பிரிவு கிடைக்கும் என்று சேர்ந்தவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது?

இன்னொன்று. 1966இல் பாதுகாப்புச் செயலாளர் ரொபேர்ட் மக்னமாரா 'புரொஜெக்ட் ஒரு இலட்சம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். இராணுவத்தின் எழுத்துப் பரீட்சையில் முன்பு சித்தியடையாதவர்களையும் எடுப்பது. வறுமையிலிருந்து தூக்கிவிடப் பயிற்சி கொடுப்போம் என்று சொன்னார்கள். 1971 வரைக்கும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இப்படி எடுக்கப்பட்டார்கள். படிப்பில் கெட்டிக்காரனுக்கு விலக்கு, படிப்பில் பின்னுக்கு நின்றவனுக்கு வாசல் திறப்பு. முகம்மது அலியின் கதையிலும் இந்த அளவுகோல் மாற்றம் இருக்கிறது. 1964இல் பரீட்சையில் தவறினார் என்று அவரை விட்டுவிட்டார்கள். 1966இல் தரத்தைக் குறைத்ததும் தகுதியானவர் ஆகிவிட்டார். 1967 ஏப்ரல் 28இல் ஹூஸ்டனில் பெயர் கூப்பிட்டபோது முன்னுக்கு வர மறுத்தார். பட்டம் பறிபோனது, ஐந்து வருடச் சிறைத்தண்டனை தீர்க்கப்பட்டது, 1971இல்தான் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அலியை நாங்கள் எல்லாரும் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறோம். அந்த எழுத்துப் பரீட்சை பற்றி ஒருத்தருக்கும் தெரியாது.

அதே அட்டவணையில் மூன்று ஜனாதிபதிகளும் இருக்கிறார்கள். மூன்று பேரும் 1946இல் பிறந்தவர்கள். பில் கிளின்டன், ஓகஸ்ட் 19, இலக்கம் 311. ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், ஜூலை 6, 327. டொனால்ட் ட்ரம்ப், ஜூன் 14, 356. மூன்றும் தப்பின இலக்கம். அட, என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். ஆனால் டெக்சஸ் விமான நேஷனல் கார்டில் புஷ் சேர்ந்தது 1968இல். ட்ரம்ப்புக்கு நான்கு மாணவ ஒத்திவைப்புகளும், பிறகு 1968இல் குதிக்கால் எலும்புப் பிரச்சினைக்கென்று மருத்துவ விலக்கும் இருந்தன. கிளின்டனும் ஒக்ஸ்ஃபோர்ட்டில் படித்துக்கொண்டு பல வழிகளை யோசித்து, கடைசியில்தான் தன் பெயரைக் குலுக்கலுக்கு விட்டார். அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டும்போது அவர்கள் ஏற்கெனவே பின்கதவைப் பார்த்து வைத்திருந்தார்கள்.

அப்போது பெரும்பாலான மாநிலங்களில் வாக்களிக்கும் வயது 21 என்பதையும் சொல்லவேண்டும். அனுப்புகிற ஜனாதிபதிக்கு வாக்களிக்க முடியாத பத்தொன்பது வயதுக்காரனை யுத்தத்துக்கு அனுப்பலாம். 18 வயதில் வாக்குரிமை தந்த 26ஆவது திருத்தம் நிறைவேறியது 1971இல்.

அடுத்த கிழமை வேறொரு வேலை செய்தோம். லிண்டன் ஜோன்சன் தன் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து வைத்தவர். அவை இப்போது யாரும் கேட்கக்கூடியதாக இணையத்தில் இருக்கின்றன. 1964 மே 27இல் தன் பாதுகாப்பு ஆலோசகர் மக்ஜோர்ஜ் பண்டியோடு கதைத்ததை ஒரு போனில் எட்டுப் பேரும் காதைக் கிட்ட வைத்துக் கேட்டோம். அந்த டெக்சஸ் உச்சரிப்பு முதல் தரம் கால்வாசிதான் விளங்கியது. எழுத்து வடிவத்தையும் பார்த்துக்கொண்டு மூன்றாம் தரம் கேட்டபோது வாங்கில் ஒரு சத்தமும் இல்லை. இந்த யுத்தம் செய்யத் தகுந்தது என்று தனக்குப் படவில்லை, ஆனால் வெளியே வரவும் வழி தெரியவில்லை என்று மனிசர் சொல்கிறார். பிறகு, காலையில் தன் வேலைகளைச் செய்துகொண்டிருந்த ஒரு சார்ஜன்ட்டைப் பார்த்ததாகவும், அவருக்கு ஆறு சின்னப் பிள்ளைகள் என்றும், அவரை எதற்காக அங்கே அனுப்பப்போகிறேன் என்று யோசித்ததாகவும் சொல்கிறார். பத்து மாதத்துக்குள் மரைன் படையை அனுப்பியவரும் அதே மனிதர்தான். 'அமெரிக்கா கம்யூனிசத்தைத் தடுக்கத் தலையிட்டது' என்று நோட்ஸில் இருக்கிற முதலாவது காரணத்துக்குள் இந்தக் குரல் அடங்குமா? தெரிந்தே செய்தார் என்பது எனக்கு மன்னிக்க இன்னும் கடினமாக இருக்கிறது. எங்கட குழுவில் இரண்டு பேருக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. இன்னும் சண்டை முடியவில்லை.

வொஷிங்டனில் இருக்கிற வியட்நாம் நினைவுச் சுவரைப் பற்றியும் அன்றைக்குக் கதைத்தோம். 1981இல் 1,421 வடிவமைப்புகள் போட்டியிட்டதில் வென்றவர் மாயா லின், வயது 21, யேல் பல்கலைக்கழகத்தில் இளங்கலை மாணவி. அதாவது எங்கட வயது. வகுப்புப் பயிற்சிக்குச் செய்த வடிவம், வகுப்பில் அதற்குக் கிடைத்தது வெறும் பீ. கறுப்புக் கருங்கல்லில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள். அகரவரிசையிலும் இல்லை, பதவி வரிசையிலும் இல்லை. இறந்த திகதி வரிசையில். ஒரு பெயரைத் தேடிப் போகிறவர் அதே நாளில், அதே இடத்தில் இறந்த மற்றவர்களின் பெயர்களையும் பார்க்காமல் வரமுடியாது. இணையத்திலும் திகதி கொடுத்துத் தேடலாம். குலுக்கலில் கடைசியாக வந்து எல்லாரையும் காப்பாற்றிய ஜூன் 8ஐக் கொடுத்துப் பார்த்தோம். 1969 ஜூன் 8இல் ஒரு பெயர்: ஷரன் லேன். ஒஹாயோவைச் சேர்ந்த இராணுவத் தாதி, வயது 25. சு லாயில் இருந்த 312ஆவது இராணுவ வைத்தியசாலையில் ரொக்கெட் விழுந்து இறந்தவர். அந்தச் சுவரில் எட்டுப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன, எதிரியின் தாக்குதலில் நேரடியாகக் கொல்லப்பட்டவர் இவர். குலுக்கலில் பெண்கள் இல்லை என்று நாங்கள் ஐந்து பேரும் எழும்பிப் போனோமே, இவர் அதற்குள் வராமலே வந்து நிற்கிறார்.

இவ்வளவும் செய்த பிறகும் ஏதோ சரியில்லை. சுவரில் இருக்கிற பெயர்கள் எல்லாம் அமெரிக்கருடையவை. வியட்நாமியரில் இறந்தவர்கள் இலட்சக்கணக்கில், பல கணிப்புகளில் மில்லியன்களில். மை லாய் இருந்த இடத்திலுள்ள நினைவகத்தில் 504 பேரின் பெயரும் வயதும் எழுதப்பட்டிருக்கின்றன. அது ஒரு நாளில், ஒரு கிராமப் பகுதியில். நாங்கள் எட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் எங்கட பிறந்தநாளை வைத்து எங்களை யாராக நினைத்துப் பார்த்தோம்? கப்பலிலும் ஹெலிகொப்டரிலும் வந்து இறங்கினவர்களாக. குண்டு விழுந்த பக்கத்து வீட்டு ஆட்களாக நினைத்துப் பார்க்க எங்களுக்கு அட்டவணை தேவையே இல்லை, ஆனால் அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை. ஆவணம் யார் கையில் நிறைய இருக்கிறதோ அவர்களின் கண்ணால்தான் நாங்களும் பார்த்துவிடுகிறோம். இது நான் தெரிவு செய்த விளையாட்டின் பிழை, அதை நான் ஒப்புக்கொள்ளவேண்டும்.

என் இன்னொரு பிழையும் இருக்கிறது. முதல் நாள் எட்டுப் பேரில் ஏழு பேர்தான் பிறந்தநாள் சொன்னோம். வன்னியில் பிறந்த ஒருத்தி, அவள் அட்டவணையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கவனிக்கவில்லை, என்ர 59இல் இருந்தேன். விடுதிக்கு நடக்கும்போதுதான் கேட்டேன். கொஞ்ச தூரம் பேசாமல் வந்துவிட்டு, "எங்கட வீட்டுக்கு நம்பர் ஒண்டும் வரேல்ல. ஆக்கள்தான் வந்தவை" என்றாள். அவளுக்கு ஒரு அண்ணா இருந்தவர் என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்கு அப்போது ஏழு வயதுகூட இல்லை. நான் ஒரு விளையாட்டாகத் தொடங்கினது ஒருத்திக்கு விளையாட்டு இல்லை என்று முன்கூட்டியே யோசித்திருக்கவேண்டும். மன்னிப்புக் கேட்டேன். "இல்லை, நல்லது. தொடர்ந்து செய்வம்" என்றாள்.

அடுத்து என்ன வாசிப்பது என்று சொன்னதும் அவள்தான். டாங் துய் த்ராம் என்ற வியட்நாமிய டொக்டரின் நாட்குறிப்பு. ஹனோயிலிருந்து தெற்கே வந்து, குவாங் ங்காய் மாகாணத்தில் டுக் போ என்ற இடத்தில் காட்டுக்குள் இருந்த வைத்திய நிலையத்தில் வேலை செய்தவர். ஷரன் லேன் இறந்த சு லாய் அங்கிருந்து வடக்கே, அதிக தூரமில்லை. மை லாயும் அதே குவாங் ங்காயில்தான். 1970 ஜூன் 22இல் அமெரிக்கப் படையினரால் கொல்லப்பட்டபோது த்ராமுக்கு வயது 27. கைப்பற்றிய ஆவணங்களில் தேவையில்லாததை எரிக்கும் வேலையில் இருந்த ஃப்ரெட் வைட்ஹேர்ஸ்ட் என்ற அமெரிக்கர், தன் வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர் இதை எரிக்கவேண்டாம் என்று தடுத்ததால், அதை 35 வருடம் வைத்திருந்தார். 2005இல்தான் ஹனோயில் இருந்த தாயாருக்கு அதன் பிரதி போய்ச் சேர்ந்தது. அதே வருடம் வியட்நாமில் நூலாக வந்து பெரும் எண்ணிக்கையில் விற்றது, 2007இல் ஆங்கிலத்திலும் வந்தது.

நாட்குறிப்பு 1968 ஏப்ரலில் தொடங்கி 1970 ஜூன் 20 வரை போகிறது. கொல்லப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வரை. ஒரு பிரதிதான் எங்களிடம் இருக்கிறது, அதனால் மாதங்களைப் பிரித்துக்கொண்டோம். ஆளுக்கு மூன்று நான்கு மாதம், வாசித்து அடுத்த வெள்ளி மற்றவைக்குச் சொல்லவேண்டும். நான் 1969 ஜூனை எடுத்தேன். ரூம்மேட் தொடக்கத்தை எடுத்தாள். கடைசி மாதத்தை யார் வாசிப்பது என்று வந்தபோது கொஞ்ச நேரம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

1970 ஜூனை அவள் எடுத்திருக்கிறாள்.